ஜான் வான் நியூமனும், கிளீன் பண்ணியும் அடங்காத சிஸ்டமும்

வீட்டில் சொன்னதற்காக இன்ஜினியரிங் சேர்ந்தவர்களை வரிசையில் நிற்க வைத்தால், தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வாசலில் ஆரம்பித்து கிண்டி வரைக்கும் போகும். அந்த வரிசையில் ஒரு ஹங்கேரிக்காரருக்கும் இடம் உண்டு. 1903 டிசம்பர் 28 அன்று புடாபெஸ்டில், வசதியான ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஜான் வான் நியூமன். அப்பா மிக்ஷா பேங்கில் பெரிய ஆள். பையன் கணக்கில் புலி என்பது ஸ்கூல் நாட்களிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யுனிவர்சிட்டி ஆசிரியர்களை வைத்துத் தனியாகப் பாடம் சொல்லித் தரும் அளவுக்குப் போனது. ஆனால் வெறும் கணக்குப் படித்தால் பிழைப்புக்கு என்ன வழி என்பது அப்பாவின் கவலை. நம்ம வீட்டுக் கவலைதான், ஊர் மட்டும் வேற.

கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். அப்பாவுக்காக சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினியரிங், தனக்காக புடாபெஸ்டில் கணக்கில் பிஎச்.டி. புடாபெஸ்ட் கிளாஸ் பக்கம் அவர் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிவிட்டுப் போவார். 1926-ல் இரண்டையும் முடித்துவிட்டார். அப்போது வயது 22. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் கேட்கிற காலேஜாக இருந்திருந்தால் பிஎச்.டி கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த பத்து வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பெர்லின், ஹாம்பர்க், 1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன். 1933-ல் அங்கே புதிதாக ஆரம்பித்த இன்ஸ்டிட்யூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடியில், ஐன்ஸ்டைனோடு சேர்த்து எடுத்த முதல் பேராசிரியர்களில் ஒருவர், அவர்களில் வயதில் சின்னவரும் அவர்தான். குவாண்டம் மெக்கானிக்ஸுக்குக் கணக்கு அடித்தளம் போட்ட புத்தகம் 1932-ல். கேம் தியரி புத்தகம் 1944-ல், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து. அமைதி இருந்தால் அவருக்கு வேலை ஓடாது. ஆபீசில் ஜெர்மன் ராணுவ அணிவகுப்பு இசையைச் சத்தமாகப் போட்டு, ஐன்ஸ்டைன் உட்பட பக்கத்து அறைக்காரர்களின் புகாரை வாங்கிக் கட்டிக்கொண்டவர். கார் ஓட்டுவதில் படு மோசம், இடித்த வண்டிகள் ஏராளம்.

இவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் நம்ம லேப்தான். ரெக்கார்ட் பிரிண்ட் எடுக்க கேம்ப் ரோடு, சேலையூர் பக்கம் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுப்போம். திரும்பி வரும்போது ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அதை லேப்பில் செருகினால் பத்து சிஸ்டம் காலி. ஆன்டிவைரஸ் ஓட்டுவோம், பச்சை டிக் வரும், வார்ம் போயாச்சு என்று சந்தோஷப்படுவோம். அதற்கு அப்புறம்தான் கூத்தே. லாகின் பண்ணினால் உடனே லாக்-ஆஃப் ஆகும். எந்த எக்ஸி ஃபைலும் திறக்காது. பாதி எக்ஸ்பெரிமென்ட்டில் நீலத்திரை. வார்ம் இருந்தபோது கூட ஒழுங்காக ஓடிய சிஸ்டம், அதை எடுத்த பிறகு ஏன் ஆடுகிறது? வான் நியூமன் காலத்தில் வார்ம் கிடையாது. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலின் பெரிய பகுதி அவரது கடைசிப் பத்து வருஷ வேலையில் இருக்கிறது.

அந்த வேலை ஆரம்பித்தது ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில். 1944 கோடைகாலம், மேரிலாந்தில் அபர்டீன் ஸ்டேஷன். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் ராணுவ அதிகாரி ரயிலுக்குக் காத்திருக்கிறார், அவரும் கணக்குக்காரர். கொஞ்ச தூரத்தில் வான் நியூமன் நிற்பதைப் பார்த்துத் துணிந்து போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு எலக்ட்ரானிக் கணக்கு மெஷின் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற விஷயம் வெளியே வருகிறது. அதுதான் எனியாக். வான் நியூமன் அப்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டு ஆலோசகர். குண்டின் உள்வெடிப்புக் கணக்குகள் மனிதர்களால் போட்டு முடியாத அளவுக்குப் பெருத்துக்கொண்டிருந்தன. எனவே மெஷினை உடனே போய்ப் பார்த்தார், அதற்கப்புறம் விடவே இல்லை.

(குண்டு விஷயத்தை வெறும் பின்னணியாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. 1945-ல் எந்த ஊர் மேல் போடலாம் என்று தேர்ந்தெடுத்த கமிட்டியில் அவரும் இருந்தார். கியோட்டோவையும் பட்டியலில் வைத்தவர். மேதை என்ற சொல் இதை மூடிவிடக் கூடாது.)

எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாற வேண்டுமென்றால் கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, ஸ்விட்சுகளைத் திருப்ப வேண்டும், அதற்கே நாட்கள் பிடிக்கும். அடுத்த மெஷினுக்குப் பெயர் எட்வாக். அதைப் பற்றி 1945 ஜூன் மாதம் வான் நியூமன் 101 பக்க வரைவு அறிக்கை எழுதினார். அதில் இருந்த பெரிய யோசனை, கட்டளைகளையும் எண்களையும் ஒரே மெமரியில், ஒரே மாதிரி பிட்டுகளாக வைப்பது. கேபிளைத் தொட வேண்டியதில்லை, புரோகிராமை லோட் பண்ணினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட் சண்டையும் உண்டு, ஃபைனல் இயர்காரர்களுக்கு உடனே புரியும். மெஷினை உண்மையில் டிசைன் செய்தவர்கள் எக்கர்ட், மாக்லி என்ற இருவர். ஸ்டோர்டு புரோகிராம் யோசனை அந்த டீமில் எல்லோரும் சேர்ந்து பேசி வளர்த்தது. ஆனால் கோல்ட்ஸ்டைன் அந்த அறிக்கையை முதல் பக்கத்தில் வான் நியூமன் பெயர் மட்டும் போட்டு சுற்றுக்கு விட்டார். இன்றைக்கும் நம்ம கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் பேப்பரில் அது வான் நியூமன் ஆர்கிடெக்சர்தான், மற்ற இருவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. வான் நியூமன் கடைசி வரை அதைத் திருத்த முயற்சி எதுவும் எடுத்ததாகத் தெரியவில்லை. அது நியாயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்த யோசனைக்கு வருவோம். மெமரியில் இருக்கும் 40 பிட் ஒரு எண்ணா, கட்டளையா? பார்த்தால் தெரியாது. மெஷின் அதை எப்படி எடுக்கிறதோ அப்படி. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை எழுதலாம், தன்னையே திருத்தலாம். கம்பைலர் சாத்தியமானது இதனால்தான், வார்மும் இதனால்தான். வெளியிலிருந்து டேட்டா மாதிரி உள்ளே வந்தது கட்டளையாக உட்கார்ந்துகொள்கிறது.

போன பிறகும் தொல்லை தொடர்வது இதே குணத்தால்தான். 2001-ல் சர்கேம் என்று ஒரு வார்ம் மெயில் வழியாகப் பரவியது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், எக்ஸி ஃபைலை எப்படித் திறப்பது என்று சொல்லும் ஒரு வரி உண்டு. அது வெறும் எழுத்துதான். அந்த வரியில் சர்கேம் தன் பெயரை நுழைத்துவிட்டது. இனிமேல் எந்த புரோகிராமைத் தொட்டாலும் முதலில் வார்ம் ஓடும், அது மற்றதைத் திறந்து கொடுக்கும். இப்போது வார்ம் ஃபைலை மட்டும் டெலீட் பண்ணினால்? வரி அப்படியே இருக்கிறது, அது கைகாட்டும் ஃபைல் இல்லை. எனவே எதுவுமே திறக்காது. ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராமும் ஒரு எக்ஸி என்பதால் அதுவும் திறக்காது! லாகின் ஆன உடனே லாக்-ஆஃப் ஆவதும் இதே கதைதான். லாகின் சமயத்தில் ஓட வேண்டிய யூசர்இனிட் என்ற புரோகிராமின் இடத்தில் வார்ம் வேறு பெயரை எழுதியிருக்கும், ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தூக்கியிருக்கும், வரியைத் தொட்டிருக்காது. ஆக சிஸ்டம் ஆடுவதற்கு வார்ம் இன்னும் உள்ளே இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. அது மாற்றி எழுதிய இடங்கள் மாறியபடியே இருந்தால் போதும்.

போர் முடிந்ததும் வான் நியூமன் பிரின்ஸ்டனில் தன் இன்ஸ்டிட்யூட்டிலேயே ஒரு மெஷின் கட்டக் கிளம்பினார். தியரிக்காரர்கள் மட்டும் இருந்த இடத்தில் சால்டரிங் அயர்னோடு ஆட்கள் வந்து இறங்கியது மற்ற பேராசிரியர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. சீஃப் இன்ஜினியர் ஜூலியன் பிக்லோ. 1952 ஜூனில் மெஷினைப் பொதுவில் காட்டினார்கள். மொத்த மெமரி 1,024 வேர்டு, ஒவ்வொன்றும் 40 பிட். இன்றைய கணக்கில் 5 கிலோபைட், நம்ம ஐடி கார்டு போட்டோ கூட அதில் அடங்காது. டிசைனை மூடி வைக்காமல் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் மெஷின்கள் முளைத்தன. மும்பையில் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டி 1960-ல் வேலைக்கு வந்த டிஃப்ராக்கும் அந்தப் பரம்பரைதான், அதிலும் வேர்டுக்கு 40 பிட். நரசிம்மன் மெட்ராஸில் டெலிகம்யூனிகேஷன் படித்த நம்ம ஊர்க்காரர்.

பிரின்ஸ்டன் மெஷினின் மெமரி, டிவி பெட்டி டியூப் மாதிரியான 40 கேதோடு ரே டியூப்களில் இருந்தது. திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக பிட்டுகள் இருக்கும். வெளியிலிருந்து கொஞ்சம் மின் குறுக்கீடு வந்தாலும் புள்ளி மாறிவிடும். அதனால் ஒரே கணக்கை இரண்டு முறை ஓட்டி, விடை ஒத்துப்போனால்தான் நம்புவார்கள். தப்பு வந்தால் மெஷின் தப்பா, கோட் தப்பா என்ற சண்டை லாக் புத்தகத்திலேயே நடக்கும். லேப்பில் நாம் மறந்துவிடுவது இந்தச் சந்தேகத்தைத்தான். வார்ம் வந்த சிஸ்டத்தில் அப்புறம் என்ன நடந்தாலும் பழி வார்ம் மேல்தான். ரேம் ஒன்று லூசாக இருக்கலாம், ஹார்டு டிஸ்கில் பேட் செக்டார் இருக்கலாம், மே மாசத்து தாம்பரம் வெயிலில் ஃபேன் தூசி அடைத்து பிராசஸர் கொதிக்கலாம். சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்ட பிறகும் நீலத்திரை வந்தால், ரேம் டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட விடுவதுதான் சரி.

மெஷின் கட்டும் வேலை போய்க்கொண்டிருந்தபோதே அவர் தலையில் வேறு ஒரு கேள்வி. தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்யும் மெஷின் சாத்தியமா? 1948 செப்டம்பரில் பாசடீனாவில் ஒரு கருத்தரங்கில் இதைப் பேசினார், 1949-ல் இல்லினாய் யுனிவர்சிட்டியில் விரித்துச் சொன்னார். பதில் எளிமையாக இருக்கிறது. கட்டும் பகுதி ஒன்று, காப்பி எடுக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் ஒழுங்குபடுத்தும் பகுதி ஒன்று. கூடவே மொத்த மெஷினின் வர்ணனை எழுதிய ஒரு டேப். டேப்பை இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும். முதலில் கட்டளையாகப் படித்து புது உடம்பைக் கட்டு. அப்புறம் அர்த்தம் பார்க்காமல் அப்படியே காப்பி எடுத்து புது உடம்புக்குள் வை. டிஎன்ஏ-வின் அமைப்பு 1953-ல்தான் வெளியானது. செல் வேலை செய்யும் விதமும் இதுதான் என்பது அதற்கப்புறம் தெளிவானது.

டேப்பில் ஒரு எழுத்து தப்பாகக் காப்பியானால் என்ன ஆகும் என்பதையும் அவர் யோசித்தார். பெரும்பாலும் அடுத்த மெஷின் ஓடாது. எப்போதாவது ஓடும், ஆனால் வேறு மாதிரி ஓடும்.

இது வெறும் தியரியாக நிற்கவில்லை. 1953-ல் நில்ஸ் பாரிசெல்லி என்பவர் பிரின்ஸ்டனுக்கு வந்து, அந்த 5 கிலோபைட்டுக்குள் தங்களைத் தாங்களே காப்பி பண்ணிக்கொள்ளும் எண்களை ஓட விட்டார். சில எண்கள் ஒட்டுண்ணி மாதிரி மற்றவற்றின் இடத்தைப் பிடித்தன. 1980-களின் ஆரம்பத்தில், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் ஜான் ஷோக், ஜான் ஹப் இருவரும் எழுதிய கட்டுரை இன்னும் சுவாரசியம். சும்மா இருக்கும் மெஷின்களில் வேலையைப் பகிர்ந்து செய்ய நல்ல எண்ணத்தோடு ஒரு வார்ம் எழுதினார்கள். ஒரு சின்ன வார்மை ராத்திரி ஓட விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் வந்தால் கட்டிடம் முழுக்க மெஷின்கள் செத்துக் கிடக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் வார்ம் திரும்ப வந்து உட்காரும், திரும்ப கிராஷ் ஆகும். எங்கோ ஒரு காப்பி கெட்டுப்போய், அந்தக் கெட்ட காப்பி பரவியிருக்கும் என்பது அவர்கள் சந்தேகம். வான் நியூமன் சொன்ன அந்த ஒரு தப்பு எழுத்து.

இன்டர்நெட்டில் அவரை வைரஸின் தந்தை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் கேட்டது உயிர் எப்படி வேலை செய்கிறது என்று, திருடுவது எப்படி என்று இல்லை.

2003 ஆகஸ்டில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். பிளாஸ்டர் என்ற வார்ம் வந்தது, விண்டோஸில் ஆர்பிசி என்ற சர்வீஸின் ஓட்டை வழியாக. தாக்குதல் கொஞ்சம் குறி தவறினாலும் அந்த சர்வீஸ் கிராஷ் ஆகும், 60 நொடி கவுண்ட்டவுன் ஓடி சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். பலர் வார்மை எடுத்தார்கள். ஆனால் பேட்ச் போடவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து அடி வந்துகொண்டே இருந்ததால் சுத்தமான சிஸ்டமும் ரீஸ்டார்ட் ஆனது. அதே மாதம் வெல்ச்சியா என்று இன்னொரு வார்ம் வந்தது. அது பிளாஸ்டரைத் தேடி அழித்து, மைக்ரோசாஃப்ட் பேட்சையும் இறக்கிப் போடும். நல்ல பிள்ளைதான். ஆனால் அடுத்த மெஷினைத் தேடி அது அனுப்பிய பிங் வெள்ளத்தில் பல நெட்வொர்க்குகள் திணறி நின்றன. அதனால் லேப்பில் முதல் வேலை ஸ்கேன் இல்லை, நெட்வொர்க் கேபிளைக் கழற்றுவது. அறுபது சிஸ்டத்தில் ஒன்றை மட்டும் கிளீன் பண்ணி திரும்பச் செருகினால் மதியத்துக்குள் பழைய நிலைமை.

வான் நியூமனுக்கு வருவோம். அதே 1948 உரையில் அவர் இன்னொரு வித்தியாசத்தையும் கவனித்தார். உடம்பில் தினமும் ஏதோ தப்பு நடக்கிறது, காயம் படுகிறது. உடம்பு தப்பை ஓரம் கட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நாம் செய்த மெஷினில் ஒரு தப்பு வந்தால் மொத்தத்தையும் நிறுத்தி, அந்தப் பகுதியைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு தப்புதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த முறை ஓடுகிறது, இரண்டாவது தப்பு சேர்ந்தால் தேடவே முடியாது என்று அவர் பயந்தார். வார்ம் போன சிஸ்டத்தில் இருபது இடம் மாறியிருக்கும்.

1952 ஜனவரியில் கால்டெக்கில் கொடுத்த உரைகளில், நம்ப முடியாத பாகங்களை வைத்து நம்பகமான மெஷின் கட்டும் வழியைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரே வேலையைப் பல பாகங்களுக்குக் கொடுத்து, பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. ஒரு நிபந்தனை உண்டு, பாகங்கள் தனித்தனியாகத் தப்புப் பண்ண வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே பொய் சொன்னால் ஓட்டெடுப்பால் பயன் இல்லை.

பச்சை டிக்கை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். ஆன்டிவைரஸ் ஓடுவது அந்த விண்டோஸ் மேல், ஃபைல் பட்டியலைக் கேட்பது அந்த விண்டோஸிடம். வீட்டுச் சாவி போன வீட்டில் உள்ளே இருப்பவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி. பாதிக்கப்படாத வேறு சிஸ்டத்தில் தயாரித்த லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, வெளியிலிருந்து டிஸ்கைப் பார்ப்பது வேறு, தனியான சாட்சி. கோட், ரிப்போர்ட், படங்கள் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எக்ஸி எதையும் தொடாமல், ஒரிஜினல் இமேஜிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பேட்ச் போட்டு, அப்புறம் கேபிளைச் செருகினால் ஒரு மதியம் போகும். கிளீன் பண்ணினதையே திரும்பத் திரும்பக் கிளீன் பண்ணினால் ஒரு செமஸ்டர் போகும். பிராஜெக்ட் ரிவ்யூ நாளில் சிஸ்டம் லாக்-ஆஃப் ஆனால் கைடு வார்ம் பற்றிக் கேட்க மாட்டார், டெமோ எங்கே என்றுதான் கேட்பார்.

1955-ல் வான் நியூமன் அமெரிக்க அணுசக்திக் கமிஷனில் உறுப்பினராகி வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதே வருஷம் தோள்பட்டை வலி. புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. 1956 ஆரம்பத்தில் சக்கர நாற்காலியில் போய் அதிபர் ஐசன்ஹோவரிடம் பதக்கம் வாங்கினார். வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் கடைசி மாதங்கள். தலையில் இருந்த ராணுவ ரகசியங்களை மயக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று காவல் போட்டார்கள். வாழ்நாள் முழுக்க மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர், ஒரு பாதிரியாரை வரவழைத்துப் பேசினார். சாவை நினைத்து ரொம்பப் பயந்தார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனசு மங்கிக்கொண்டே போவதுதான் அவரை அதிகம் வதைத்தது. 1957 பிப்ரவரி 8 அன்று இறந்தார், வயது 53.

ஆஸ்பத்திரியிலும் மூளையையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார். முடியாத அந்த உரைகள் மனைவி கிளாராவின் முன்னுரையோடு 1958-ல் புத்தகமாக வந்தன. கிளாராவும் எனியாக்குக்கு புரோகிராம் எழுதியவர்தான், அவர் பெயரும் சிலபஸில் இல்லை. பிரின்ஸ்டன் மெஷினை அதே 1958-ல் நிறுத்திவிட்டார்கள், இப்போது அது ஸ்மித்சோனியன் மியூசியத்தில். தன்னைத் தானே காப்பி எடுக்கும் மெஷின் பற்றிய கையெழுத்துப் பிரதி பாதியில் நின்றிருந்தது. ஆர்தர் பர்க்ஸ் அதை எடுத்து, விடுபட்ட இடங்களை நிரப்பி, 1966-ல் வெளியிட்டார்.